மாசி, பங்குனியில் நீலகிரிக்குக் காட்டுப்பூ பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

தை முடிந்து உறைபனி விலக ஆரம்பித்ததும் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். "ஊட்டிப் பக்கம் என்ன பூத்திருக்கிறது, எப்போது வரலாம், எங்கே நடக்கலாம்?" நான் தாவரவியல் படித்தவன் இல்லை. பல வருடங்களாக இந்தச் சரிவுகளில் நடக்கிறேன், பார்த்ததை நோட்டில் குறித்து வைக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

நம் மலையில் வசந்தம் என்று ஒன்று உண்டா?

உண்டு. ஆனால் நாம் தேடும் மாதத்தில் இருக்காது. தமிழ்க் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில், மாசியும் பங்குனியும் பின்பனி. நீலகிரியின் மேல்மட்டத்தில் வருடத்தின் முதல் பூக்கள் இந்தப் பின்பனியிலேயே வந்துவிடுகின்றன. பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், ராத்திரி குளிர் விடாது, மாசி முதல் வாரங்களில் விடியற்காலைப் புல் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அது பூவல்ல, உறைபனி.

மலை முழுக்கப் பூ விரித்த படத்தை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். நீலகிரியின் பெரிய பூக்காலம் தென்மேற்குப் பருவமழைக்குப் பிறகு, ஆவணியிலிருந்து ஐப்பசி வரை. அப்போது காசித்தும்பை வகைகளும் தரையில் வளரும் ஆர்க்கிட்களும் போட்டி போட்டுக்கொண்டு வரும். மாசி, பங்குனியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். எனக்கு இந்தப் பருவம் பிடிப்பதற்கும் அதுவே காரணம். ஒரு பூவின் முன்னால் உட்கார்ந்தால் அந்தப் பூவை மட்டும் பார்க்க முடிகிறது.

புல்வெளி, சோலை என்று பிரித்துச் சொல்கிறார்களே, அது என்ன?

தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதைச் சுற்றியுள்ள மேல்மட்டத்தில் இயற்கையாக இருந்தது இரண்டே நிலம். சரிவுகளிலும் மேடுகளிலும் புல். மடிப்புகளில், ஓடை இறங்கும் பள்ளங்களில், அடர்ந்த குட்டையான காடு. அந்தக் காட்டுக்குத்தான் சோலை என்று பெயர். உலகம் முழுக்கத் தாவரவியலாளர்கள் 'ஷோலா' என்று எழுதுவது நம் சொல்லையே.

புல் இருக்கும் இடத்தில் ஏன் மரம் இல்லை என்று எல்லோரும் கேட்பார்கள். யாரோ வெட்டிவிட்டார்கள் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இங்குள்ள சதுப்புகளில் படிந்த பழைய மண்ணை ஆராய்ந்தவர்கள், இந்தப் புல்வெளி 20,000 ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். உறைபனி ஒரு முக்கியக் காரணம். சோலை மரத்தின் கன்று திறந்த வெளியில் முளைத்தால் மார்கழி, தை ராத்திரிகளில் கருகிவிடும். புல் மேலே காய்ந்தாலும் அடியில் உயிரோடு இருக்கும். காற்றுக்கும் நெருப்புக்கும் மண்ணுக்கும்கூட இதில் பங்கு உண்டு.

இதைத் தரிசு என்று நினைத்து முதலில் ஆங்கிலேயர்களும் பிறகு நாமும் சீகை (வாட்டில் மரம்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன் என்று நட்டுத் தள்ளினோம். பழனி மலையில் 1973க்குப் பிறகு வந்த நாற்பது ஆண்டுகளில் புல்வெளி பாதிக்கும் மேல் காணாமல் போய்விட்டது. நீங்கள் பார்க்கப் போகும் சின்னப் பூக்களின் வீடு அது. "வெறும் புல்தானே" என்று யாராவது சொன்னால் எனக்கு உண்மையாகவே வலிக்கும்.

போனதும் முதலில் கண்ணில் படுவது எது?

காட்டுப் பூவரசு. ரோடோடெண்ட்ரான் என்றால் சிலருக்குச் சட்டென்று புரியும். நம் ஊர்ப் பூவரசுக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது. முறுக்கிக்கொண்ட அடிமரம், கரடுமுரடான கனத்த பட்டை, கிளை நுனியில் கொத்துக் கொத்தாக ரத்தச் சிவப்புப் பூ. சோலையின் ஓரத்தில் நிற்கும். புல்வெளி நடுவில் தன்னந்தனியாகவும் நிற்கும். அந்தக் கனத்த பட்டை இருப்பதால்தான் புல்லில் தீ ஓடினாலும் தாங்கிக்கொள்கிறது. தையில் தொடங்கி பங்குனி வரை பூவைப் பார்க்கலாம், ஒரு வருடம் முன்னே பின்னே ஆகும்.

தூரத்திலிருந்து படம் எடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். தாழ்ந்த கிளையாகப் பார்த்து ஒரு பூவுக்குள் எட்டிப் பாருங்கள். மணி போன்ற குழல், விளிம்பில் ஐந்து மடல், உள்ளே பத்து மகரந்தத் தாள்கள். மேல் மடலில் கரும்புள்ளிகள் தூவியிருக்கும். குழலின் அடியில் அடர்சிவப்பில் குட்டிக் குட்டிப் பைகள் தெரியும், தேன் இருப்பது அங்கேதான். அப்புறம் இலையைத் திருப்பிப் பாருங்கள். மேலே கரும்பச்சை, தோல் போல விறைப்பு. அடிப்புறம் பழுப்பு ரோமம், விரலுக்கு மெத்தென்று இருக்கும்.

பத்து நிமிடம் சத்தம் போடாமல் நின்றால் தேன்சிட்டும் வெள்ளைக்கண்ணியும் வரும். வெள்ளைக்கண்ணி கூட்டமாக வந்து கொத்துக்குள் தலையை விட்டு எடுக்கும்போது நெற்றியில் மகரந்தம் ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இதன் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் இமயமலையில் இருக்கிறார்கள், ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தள்ளி. நடுவில் உள்ள சமவெளியில் ஒன்றுகூடக் கிடையாது. உலகம் குளிர்ந்திருந்த பழைய காலத்தில் தெற்கு வரை பரவி வந்து, வெப்பம் ஏறியபோது மலை உச்சியில் தங்கிவிட்ட இனம் என்று சொல்கிறார்கள். நம் வரையாட்டுக்கும் இமயமலையில் ஒத்த சாயலில் ஒரு விலங்கு இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

புல்வெளியில் ஒரு மணி நேரம் நடந்தோம், ஒன்றுமே இல்லையே?

எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். இரண்டாவது கேள்வி, உட்கார்ந்தீர்களா?

பின்பனிக் காலத்துப் புல்வெளிப் பூக்கள் கணுக்காலுக்குக் கீழே இருப்பவை. காய்ந்த புல்லுக்கு நடுவே விரல் உயரம்கூட இல்லாத ஜென்ஷியன் ஒன்று உண்டு. வெளிறிய நீலம், சட்டைப் பொத்தான் அளவு. வெயில் பட்டால்தான் விரியும். மேகம் வந்து மறைத்தால் சுருண்டு மூடிக்கொள்ளும். மூடிய பிறகு பக்கத்திலேயே நின்றாலும் தெரியாது. ஒரு முறை மேகம் விலகும் வரை ஒரே இடத்தில் காத்திருந்தேன். வெயில் வந்து கொஞ்ச நேரத்தில் என் செருப்பைச் சுற்றி ஏழெட்டுப் பூ. அதுவரை அவற்றுக்கு நடுவில்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறேன். அன்றிலிருந்து கால் வைக்கும் இடத்தைப் பார்த்துத்தான் வைக்கிறேன்.

அதனால் பனி உலர்ந்த பிறகு, காலை ஒன்பதரைக்கு மேல் பன்னிரண்டரைக்குள் புல்வெளியில் இருங்கள். மதியத்துக்கு மேல் மஞ்சு ஏறிவிட்டால் சோலைப் பக்கம் திரும்பிவிடலாம்.

ஜென்ஷியனைத் தவிர, சாம்பல் நிறப் பஞ்சு போர்த்திய இலையும் காகிதம் போன்ற வெள்ளைப் பூவும் கொண்ட அனஃபாலிஸ் இருக்கும். காய்ந்த பிறகும் பூ உதிராது, அப்படியே நிற்கும். பாதை ஓரத்தில், நிழல் விழும் இடத்தில் காட்டு ஸ்ட்ராபெரி. இதில் இரண்டு செடி உண்டு. வெள்ளைப் பூ பூப்பது நீலகிரியின் பெயரையே தன் தாவரப் பெயரில் வைத்திருக்கும் அசல் ஸ்ட்ராபெரி, பழம் வெளிறி இருக்கும். மஞ்சள் பூ பூப்பது வேறு இனம், பழம் பார்க்க நல்ல சிவப்பு, வாயில் போட்டால் ருசியே இருக்காது.

ஆள் உயரத்துக்கு மேல் ஒரு தண்டு நிமிர்ந்து நின்று, அதில் வெள்ளையும் ஊதாவும் கலந்த பூ வரிசையாக இருந்தால் அது காட்டுப் புகையிலை. லோபிலியா இனம். பின்பனி தொடங்கும்போது அதன் பூக்காலம் முடியும் தறுவாயில் இருக்கும். காய்ந்த தண்டுகள் கழி நட்டது போல நிற்கும். உடைத்தால் பால் வரும், நஞ்சு. கை வைக்க வேண்டாம்.

எங்கே பார்த்தாலும் மஞ்சள் பூவாக இருக்கிறதே, எல்லாம் ஒன்றா?

இல்லை. இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

மலைச்சரிவே மஞ்சளாகத் தெரிந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பட்டாணிப் பூ வடிவமா? செடி முழுக்க ஊசி ஊசியாக முள்ளா? முகர்ந்தால் தேங்காய் வாசம் வருகிறதா? அது கோர்ஸ். அதே பட்டாணி வடிவம், ஆனால் முள்ளே இல்லை, பச்சைக் குச்சிகளைக் கட்டி வைத்த துடைப்பம் போல இருக்கிறதா? அது ஸ்காட்ச் புரூம். இரண்டும் ஐரோப்பாவிலிருந்து ஆங்கிலேயர் கொண்டு வந்தவை. இன்று புல்வெளியைத் தின்றுகொண்டிருப்பவை. பளபளவென்று அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது அடர்ந்த இடத்தில் ஜென்ஷியனைத் தேடினால் கிடைக்காது. சின்ன உருண்டையாக மஞ்சள் பூ உதிர்க்கும் மரம் சீகை, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது.

நம் மலையின் சொந்த மஞ்சள் கூட்டமாக நிற்பதில்லை. இடுப்பு உயரப் புதரில், ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக, ஐந்து இதழ் அகல விரிந்து, நடுவில் மஞ்சள் மயிர்க்கொத்து போல மகரந்தத் தாள்கள் நிறைந்திருந்தால் அது ஹைபெரிகம். சோலை ஓரத்தில் நிறைய உண்டு. முள்ளோடு மஞ்சள் பூ என்றால் குழப்பம் வரும், அதற்கு ஒரு வழி. முள் மூன்று கிளையாகப் பிரிந்திருந்து, பூ சின்ன உருண்டையாகச் சரம் சரமாகத் தொங்கினால் அது ஊசிக்களா. அதன் கட்டையைச் சீவினால் உள்ளேயும் மஞ்சள்தான், சாயத்துக்குப் பயன்பட்டது. சீவிப் பார்க்கச் சொல்லவில்லை, ஒடிந்து கிடக்கும் குச்சி கிடைத்தால் போதும்.

வெள்ளையிலும் இதே கதை உண்டு. சதுப்பில் புனல் மாதிரி சுருண்ட பெரிய வெள்ளைப் பூவைப் பார்த்து அல்லி என்று படம் எடுப்பார்கள். அது தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஆரம் லில்லி, தோட்டத்திலிருந்து தப்பியது.

சோலையின் மேலே செக்கச்செவேல் என்று தெரிகிறதே, அது என்ன பூ?

பெரும்பாலும் அது பூவே அல்ல, கொழுந்து. மாசி, பங்குனியில் சோலை மரங்கள் புது இலை விடும். நாவல் இனத்து மரங்களிலும் லவங்கப்பட்டை இனத்து மரங்களிலும் தளிர் சிவப்பாகவும் செம்பு நிறத்திலும் வரும். இலையில் பச்சையம் நிறைவதற்கு முன்னால் அந்தச் சிவப்பு நிறமிதான் மேலோங்கித் தெரியும். எதிர்ச்சரிவில் நின்று பார்த்தால் பச்சை, சிவப்பு, ஆரஞ்சு, இளமஞ்சள் என்று ஒவ்வொரு மர உச்சியும் ஒவ்வொரு நிறம். பூவுக்காக வந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டுப் பூவை மறந்துபோனதும் உண்டு.

உள்ளே நுழைந்தால் இருட்டு, ஈரம், பாசி. பூவைவிட வாசம் முதலில் வரும். சோலை விளிம்பில் நம் மலைக்கே உரிய காட்டு ரோஜா ஏறிப் படர்ந்திருக்கும், வெள்ளைப் பூ. பங்குனி பிற்பகுதியில் தேடுங்கள். இன்னொன்று, கோல்தீரியா என்ற புதர். பூ சின்ன வெள்ளைக் குடுவை மாதிரி, தலைகீழாக வரிசையில் தொங்கும். பூ இல்லாவிட்டாலும் கண்டுபிடித்துவிடலாம். கீழே விழுந்து கிடக்கும் ஒரு பச்சை இலையைக் கசக்கி முகர்ந்தால் வலிக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசம். விண்டர்கிரீன் எண்ணெய் இதிலிருந்து எடுப்பதுதான்.

திறந்த வெளியும் சோலையும் சேரும் இடத்தில் தவிட்டுப் பழச் செடி இருக்கும். இளஞ்சிவப்புப் பூ, நாளாக நாளாக நிறம் வெளுத்துப் போகும், அதனால் ஒரே செடியில் மூன்று நான்கு நிறம் தெரியும். பழம் கோடையில்.

குறிஞ்சி பார்க்கலாமா?

மாசியில் இல்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் பெருமளவில் பூத்தது. அடுத்தது 2030, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. நடுவில் ஏதாவது ஒரு சரிவில் ஒரு கூட்டம் மட்டும் கணக்கு மாறிப் பூக்கும், அது செய்தியாக வரும்.

எங்கே நடக்கலாம்? அனுமதி வேண்டுமா?

வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க முடியாத ஒரு விஷயம் இருக்கிறது.

பூ வரும் மாதங்கள்தான் தீ வரும் மாதங்களும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காய்ந்த புல் எரிவதைப் பக்கத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், சரிவில் மேல்நோக்கி ஓடும் தீயை மனிதனால் முந்த முடியாது. அதன்பின் அதே ஆண்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுத் தடங்களை வனத்துறை மூடிவைப்பது இப்போது வழக்கம். 2024 அக்டோபரில் தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டத்தில் 40 தடங்கள் உண்டு, ஆன்லைனில் பதிவு செய்யலாம், வழிகாட்டி கூட வருவார். பூவுக்காகத் தடம் போக வேண்டும் என்றால் பிப்ரவரி முதல் இரண்டு வாரத்துக்குள், இல்லாவிட்டால் ஏப்ரல் பிற்பகுதியில் திட்டம் போடுங்கள்.

மூடியிருக்கும் நாட்களில் வந்துவிட்டீர்களா? சரி, பரவாயில்லை. தொட்டபெட்டா போகும் சாலையோரத்திலேயே காட்டுப் பூவரசு நிற்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் கெய்ர்ன் ஹில், கோத்தகிரியில் சுமார் 116 ஹெக்டேர் பரப்புள்ள லாங்வுட் சோலை. இவற்றுக்கும் வனத்துறையிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மூடியிருக்கிறது என்று சொன்னால் திரும்பிவிடுங்கள். "எனக்கு ஒரு குறுக்கு வழி தெரியும், கூட்டிப் போகிறேன்" என்று யார் சொன்னாலும் போகாதீர்கள். மூணாறு பக்கம் இரவிகுளமும் பிப்ரவரி, மார்ச்சில் வரையாடு குட்டி போடும் காலம் என்று மூடப்படும்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் தேவை. ஒரு முறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் நீலகிரியில் தடை, தண்ணீர் பாட்டிலும் சேர்த்து. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்து வாருங்கள்.

செயலியில் படம் எடுத்துப் போட்டால் பெயர் வருமா?

வரும், பாதி நேரம் தப்பாக வரும். இமயமலைச் செடியின் பெயரையோ ஐரோப்பியத் தோட்டச் செடியின் பெயரையோ காட்டும். ஐநேச்சுரலிஸ்ட் பரவாயில்லை, அதில் மனிதர்கள் பார்த்துத் திருத்துகிறார்கள். ஆனால் அவர்கள் சொல்ல வேண்டுமானால் படம் ஒன்று போதாது. பூவின் முகம், பூவின் பக்கவாட்டு, இலையின் அடிப்புறம், முழுச்செடி, அது நிற்கும் இடம். இந்த ஐந்தையும் எடுங்கள். இலையின் அடிப்புறத்தை யாருமே எடுப்பதில்லை. பல செடிகளில் அடையாளம் அங்கேதான் இருக்கிறது.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு சின்ன லென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் ஜென்ஷியனைப் பார்க்கும் விதமே மாறிவிடும்.

ஒரே ஒரு பூ பறித்தால் என்ன? பழம் சாப்பிடலாமா?

காப்புக்காட்டில் பறிப்பது சட்டப்படி குற்றம். அதைத் தவிர, இந்தப் பருவத்தில் பூ குறைவு. நீங்கள் பறிக்கும் அந்த ஒன்றைத்தான் தேன்சிட்டு தேடி வரும். தெரியாத பழத்தை வாயில் வைக்காதீர்கள், காட்டுப் பூவரசின் பூவையும் தேனையும் ருசி பார்க்காதீர்கள், அந்த இனத்தில் நஞ்சு உண்டு.

அட்டை, விலங்கு பயம்?

அட்டை இந்த மாதங்களில் மிகக் குறைவு. காட்டுமாடு உண்டு. அசையாமல் புதர் ஓரத்தில் நிற்கும், பூவைப் பார்த்துக்கொண்டே போனால் கவனிக்க மாட்டீர்கள். நாற்பது ஐம்பது அடி தள்ளித்தானே நிற்கிறது என்று படம் எடுக்கப் போக வேண்டாம். வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள். சோலைக்குள் காலை ஏழுக்கு முன்னும் மாலை நான்குக்குப் பின்னும் போகாமல் இருப்பது நல்லது, கரடி நடமாட்டம் உண்டு.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வரலாமா? சலித்துப் போவார்களே?

தாராளமாக. அவர்கள் கண் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது, நம்மைவிட முதலில் பார்த்துவிடுவார்கள். முழு நாள் நடக்க வைக்காதீர்கள், இரண்டு மணி நேரம் போதும். தொப்பி கட்டாயம், குளிர் காற்றில் வெயில் தெரியாது, சாயங்காலம் முகம் எரியும்.

ஊசிக்களா பூத்திருந்தால் அங்கே உட்கார வையுங்கள். ஒரு காய்ந்த புல்லை எடுத்துக் கையில் கொடுங்கள். பூவுக்குள் மகரந்தத் தாள்கள் இதழோடு ஒட்டினாற்போல் சாய்ந்திருக்கும். அதன் அடிப்பகுதியைப் புல் நுனியால் லேசாகத் தொட்டால் தாள் சட்டென்று நடுவை நோக்கித் துள்ளும். தேன் குடிக்க வரும் பூச்சியின் மேல் மகரந்தத்தை அப்புவதற்காகச் செடி செய்து வைத்திருக்கும் ஏற்பாடு அது. ஒரு தாள் துள்ளியதும் பிள்ளை அடுத்ததைத் தொடும், அப்புறம் அடுத்த பூவுக்குப் போகும். துள்ளிய தாள் பழைய இடத்துக்குத் திரும்பச் சில நிமிடம் ஆகும். போன முறை என்னோடு வந்த ஆறு வயதுப் பெண், "அது மறுபடி படுத்துக்கட்டும், அப்புறம் போலாம்" என்று சொல்லி முள் குத்தாத தூரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நாங்களும் உட்கார்ந்தோம்.